வியூபோர்ட்டின் வடிவத்தை மாற்ற எந்த வழி நல்லது? ஆட்டோகேட் பயன்படுத்துவோருக்கு ஓர் ஒப்பீடு

ஆட்டோகேடில் படத்தை நிஜ அளவில் வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் வரைந்து முடித்து, அச்சிடும் தாளை அமைக்கும் லேஅவுட்டுக்கு வந்து ஷீட்டை அடுக்கும்போதுதான் இந்தச் சிக்கல் தலைதூக்கும். மனை எல் வடிவத்தில் இருக்கிறது, அதை ஷீட்டில் காட்டும் ஜன்னலான வியூபோர்ட்டோ செவ்வகம். நமக்குச் சம்பந்தமில்லாத பக்கத்து மனையின் கோடுகள் மூலையில் வந்து நிற்கின்றன. பரப்பளவு அட்டவணை வைக்கவும் அந்த மூலைதான் வேண்டும். அலுவலகத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். வியூபோர்ட்டையே வேறு வடிவத்தில் வெட்டச் சொல்லி, "விபிகிளிப் போடு" என்பார் ஒருவர். "ரெண்டு வியூபோர்ட்டா பிரிச்சுப் போடு" என்பார் இன்னொருவர். "வைப்அவுட் வச்சு மூடிட்டு பிரின்ட் எடு" என்பார் அவசரத்தில் இருப்பவர்.

மூன்றும் வேலை செய்யும். அன்று எடுக்கும் பிரின்டில் மூன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து ஆர்கிடெக்ட் காம்பவுண்டுச் சுவரை ஒரு மீட்டர் நகர்த்தச் சொல்வார். அப்போது அந்தக் கோப்பை நீங்கள் திறக்கலாம், அல்லது உங்கள் இடத்துக்கு வந்தவர் திறக்கலாம். எது சரியான வழியாக இருந்தது என்பது அப்போதுதான் தெரியும். அதனால் இந்த ஒப்பீட்டில் முதல் பிரின்டைவிடத் திருத்தத்துக்கே அதிக மதிப்புக் கொடுத்திருக்கிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். மனை 60 மீட்டருக்கு 45 மீட்டர். வடகிழக்கு மூலையில் 25 மீட்டருக்கு 20 மீட்டர் துண்டு மட்டும் பக்கத்து மனைக்குச் சொந்தம். அளவுகோல் 1:100. ஷீட்டில் மனை 600 மில்லிமீட்டருக்கு 450 மில்லிமீட்டர் வரும். ஏ1 ஷீட் 841க்கு 594. டைட்டில் பிளாக், ஓரம் எல்லாம் போனால் மீதி இடம் குறைவு. ஆனால் அந்த வடகிழக்கு மூலையில் 250க்கு 200 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. அட்டவணை தாராளமாக அங்கே உட்காரும்.

## வடிவத்தை மாற்றவே வேண்டுமா?

இதை முதலில் பாருங்கள். வியூபோர்ட் என்பது ஷீட்டில் வெட்டிய ஒரு ஜன்னல். மாடல் ஸ்பேஸில் அந்த இடத்தில் எதுவும் வரையப்படவில்லை என்றால், ஜன்னல் வழியாகத் தெரிவது வெற்றிடம்தான். அதன்மேல் அட்டவணையைத் தாராளமாக வைக்கலாம். ஓரக்கோடு அச்சாகாத லேயரில் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கில்) இருந்தால் போதும், அங்கே வியூபோர்ட் இருப்பதே பிரின்டில் தெரியாது. "எல் வடிவ வியூபோர்ட் வேண்டும்" என்று கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான்.

மூலையில் ஏதோ இருக்கிறது, அது தெரியக்கூடாது என்றால் அடுத்ததை யோசியுங்கள். மறைக்க வேண்டியது ஓர் இடமா, ஒரு வகையான பொருளா? பக்கத்து மனைக் கோடுகள் எல்லாம் தனி லேயரில் இருந்து, ஷீட் முழுக்கவே அவை வேண்டாம் என்றால், அது பொருளை மறைக்கும் வேலை. அதற்கு வியூபோர்ட்டின் வடிவத்தைத் தொட வேண்டியதே இல்லை. தெற்குப் பக்கம் பக்கத்து மனை தெரிய வேண்டும், வடகிழக்கில் மட்டும் தெரியக்கூடாது என்றால் அது இடத்தை மறைக்கும் வேலை. அப்போதுதான் வடிவம் மாற வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது திருத்தம். எல்லை மாறினால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? ஒரே இடமா, ஒவ்வொரு வியூபோர்ட்டாகத் தேடிப் போக வேண்டுமா?

இரண்டாவது, வியூபோர்ட்டுக்குள் ஏற்கெனவே செய்துவைத்த அமைப்புகள் பிழைக்குமா என்பது. 1:100 என்று பூட்டிய அளவுகோல், அந்த வியூபோர்ட்டில் மட்டும் உறையவைத்த (ஃப்ரீஸ் செய்து மறைத்த) லேயர்கள், லேயருக்குக் கொடுத்த தனி நிறம், இவையெல்லாம் அரைநாள் உழைப்பாக இருக்கலாம்.

மூன்றாவது, பிரின்டும் பிடிஎஃபும். திரையில் சரியாகத் தெரிந்து தாளில் தப்பாக வருவதுதான் இந்தத் தொழிலில் எரிச்சலூட்டும் தவறு.

நான்காவது, எந்த வடிவம் வேண்டும் என்பது. நேர்கோடுகளால் ஆனதா, வளைவு உண்டா, வட்டமா?

கடைசியாக, கோப்பு கைமாறும்போது அடுத்தவருக்குப் பார்த்தவுடன் புரியுமா என்பது. இதற்குப் பலரும் மதிப்பே தருவதில்லை. எனக்கு இது முக்கியம். ஒரு ஷீட்டில் என்ன தந்திரம் செய்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒருவர் அரைமணி நேரம் செலவழித்தால், அந்தத் தந்திரத்தின் விலையில் அதுவும் சேர்ந்ததுதான்.

## செவ்வகமாகவே வைத்து, கிரிப்பால் இழுப்பது

வியூபோர்ட்டின் ஓரத்தைச் சொடுக்கினால் நான்கு மூலைகளிலும் நீலக் கிரிப்புகள் (பிடித்து இழுக்கும் சின்னக் கட்டங்கள்) வரும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் அதை ஒட்டிய இரண்டு பக்கமும் சேர்ந்து நகரும். வடிவம் செவ்வகமாகவே இருக்கும், உள்ளே இருக்கும் அளவுகோல் மாறாது. ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் துல்லியமாக 40 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமானால் ஸ்ட்ரெச் கட்டளையில் அந்தப் பக்கத்தின் இரண்டு மூலைகளையும் பச்சைச் சாளரத்தால் பிடித்து நகர்த்துவது சுத்தமான வேலை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வியூபோர்ட்டைப் பூட்டிவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறார்கள். பூட்டு காப்பது உள்ளே இருக்கும் காட்சியையும் அளவுகோலையும்தான். ஓரத்தை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஓரத்தையும் காக்க வேண்டுமானால் வியூபோர்ட் இருக்கும் லேயரைப் பூட்டுங்கள்.

மறைமுகச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. திருத்தம், பிரின்ட், கைமாற்றம் மூன்றிலும் இதற்கு இணை கிடையாது. செவ்வகத்தைத் தவிர வேறு வடிவம் தர முடியாது என்பதுதான் ஒரே குறை. என் பரிந்துரை: செவ்வகத்தில் முடியும் வேலையைச் செவ்வகத்திலேயே முடியுங்கள்.

## விபிகிளிப்: இருக்கும் வியூபோர்ட்டுக்குப் புது எல்லை

செவ்வகம் போதாது என்று முடிவானால், நான் முதலில் போவது இதற்குத்தான். லேஅவுட்டில் ஒரு மூடிய பாலிலைன் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு) வரைந்து, விபிகிளிப் (VPCLIP) கட்டளையைக் கொடுத்து, முதலில் வியூபோர்ட்டையும் பிறகு பாலிலைனையும் சொடுக்கினால் வியூபோர்ட் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பாலிகனல் என்ற தெரிவை எடுத்தால் அங்கேயே புள்ளி புள்ளியாக எல்லையைக் குறிக்கலாம். வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கு செய்தாலும் கிளிப் செய்யும் வழி மெனுவில் இருக்கும்.

இதன் பெரிய பலம், வியூபோர்ட் பழைய வியூபோர்ட்டாகவே இருப்பது. அதில் உறையவைத்த லேயர்கள் உறைந்தே இருக்கும், நிற மாற்றங்கள் போகாது, அளவுகோலும் அப்படியே. மனசு மாறினால் அதே கட்டளையில் டெலிட் தெரிவு உண்டு, எல்லை போய்ச் செவ்வகம் திரும்பிவிடும். ஏற்கெனவே வெட்டிய வியூபோர்ட்டுக்கு இன்னொரு பாலிலைனைக் கொடுத்தால் பழைய எல்லை நீங்கிப் புதியது வரும்.

வடிவத்திலும் தாராளம். பாலிலைன், வட்டம், நீள்வட்டம், ஸ்ப்லைன் எனும் நெளிகோடு, ரீஜன் எனும் மூடிய பரப்பு எல்லாவற்றையும் எல்லையாக ஏற்கும். பாலிலைனில் வில் துண்டுகள் இருக்கலாம். ஆனால் மூடியிருக்க வேண்டும். கடைசிப் புள்ளியை முதல் புள்ளியின்மேல் வைத்துவிட்டு மூடியதாக நினைத்துக்கொள்வது வழக்கமான தவறு. பொருளின் குணங்களைக் காட்டும் பிராப்பர்ட்டீஸ் பலகையில் குளோஸ்டு என்பதற்கு எதிரே 'யெஸ்' இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லையைத் துல்லியமாக அமைக்க ஒரு நல்ல முறை உண்டு. நம் மாதிரி மனையில் எல்லை மனைக்கோட்டிலிருந்து வெளியே சரியாக 2 மீட்டர் தள்ளி ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேப்பர் ஸ்பேஸில், அதாவது லேஅவுட்டின் தாளிலேயே, கண்ணால் பார்த்து வரைந்தால் அது அமையாது. மாடல் ஸ்பேஸில் மனையின் எல்லைக்கோட்டை 2 மீட்டர் வெளியே தள்ளி இணையாக ஆஃப்செட் செய்யுங்கள். கிடைத்த பாலிலைனை, வியூபோர்ட்டுக்குள் நுழைந்த நிலையில், சிஹெச்ஸ்பேஸ் (CHSPACE) கட்டளையால் பேப்பர் ஸ்பேஸுக்கு மாற்றுங்கள். வியூபோர்ட்டின் அளவுகோலுக்கு ஏற்பச் சுருங்கி, ஷீட்டில் சரியான இடத்தில் வந்து உட்காரும். இப்போது அதையே விபிகிளிப்புக்குக் கொடுங்கள். சிஹெச்ஸ்பேஸ் பொருளை நகர்த்திவிடும், நகல் எடுக்காது. மாடலிலும் அந்தக் கோடு வேண்டுமென்றால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கூடுதல் கருவித் தொகுப்பான எக்ஸ்பிரஸ் டூல்ஸில் தனியாக இருந்த கட்டளை இது, 2007 பதிப்பிலிருந்து ஆட்டோகேடின் சொந்தக் கட்டளை.

சரி, செலவுக்கு வருவோம். வெட்டிய வியூபோர்ட் பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு பொருள்: வியூபோர்ட், அதன் எல்லைக்கோடு. இரண்டுக்கும் தனித்தனியாக லேயர் இருக்கலாம். சுவர் லேயர் நடப்பில் இருக்கும்போது பாலிலைன் வரைந்து கிளிப் செய்தால், ஷீட்டைச் சுற்றி ஒரு தடித்த கோடு அச்சாகிவிடும் வாய்ப்பு உண்டு. அதனால் பாலிலைன் வரையும் முன்பே அச்சாகாத லேயருக்கு மாறிக்கொள்ளுங்கள். பிராப்பர்ட்டீஸ் பலகையின் மேலே இருக்கும் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், வியூபோர்ட்டையா கோட்டையா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. எல்லைக்கோடு திரையில் தொல்லையாக இருக்கிறது என்று அதன் லேயரை ஃப்ரீஸ் செய்யாதீர்கள். ஃப்ரீஸ் செய்தால் வெட்டு சரியாக வேலை செய்யாது, மறைத்த பகுதி திரும்பத் தெரியும். ஆஃப் செய்யுங்கள், அல்லது அச்சாகாத லேயராக வையுங்கள். ஆஃப் செய்த நிலையில் வெட்டு சரியாகவே இருக்கும். "விபிகிளிப் திடீர்னு போயிடுச்சு" என்று புலம்பல் கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது லேயர் பட்டியலில் ஃப்ரீஸைக் குறிக்கும் பனிச்செதில் சின்னத்தைத்தான்.

மூலைகளை நகர்த்துவது எளிது. செவ்வகம்போல் இல்லாமல் ஒவ்வொரு மூலையின் கிரிப்பும் தனியாக நகரும். புதிதாக இரண்டு மூன்று மூலை சேர்க்க வேண்டிய அளவுக்கு எல்லை மாறினால், ஒரு புது பாலிலைன் வரைந்து மறுபடி விபிகிளிப் செய்வதுதான் குழப்பமில்லாத வழி. அப்புறம் ஒரு சின்னச் சோதனை: பேப்பர் ஸ்பேஸில் நின்றபடியே மனையின் 60 மீட்டர் பக்கத்தின்மேல், முனைக்கு முனை, ஒரு கோடு வரைந்து அதன் நீளத்தைப் பிராப்பர்ட்டீஸில் பாருங்கள். 600 வர வேண்டும்.

## எம்வியூ: புது வடிவத்தில் புது வியூபோர்ட்

வியூபோர்ட்டை உருவாக்கும் எம்வியூ (MVIEW) கட்டளையிலும் பாலிகனல், ஆப்ஜெக்ட் என்று இரண்டு தெரிவுகள் உண்டு. முதலாவதில் புள்ளிகளால் எல்லை வரையலாம். இரண்டாவதில் வரைந்து வைத்த மூடிய பொருளையே வியூபோர்ட்டாக மாற்றலாம். கிடைக்கும் பொருள் விபிகிளிப்பில் கிடைப்பதைப் போன்றதுதான். அதே இரட்டைத்தன்மை, அதே ஃப்ரீஸ் பிரச்சினை.

வேறுபாடு தொடக்கத்தில் இருக்கிறது. இது பிறக்கும்போதே புதியது. அளவுகோல் கொடுக்க வேண்டும், பூட்ட வேண்டும், லேயர்களை மறுபடி ஒவ்வொன்றாக உறையவைக்க வேண்டும். மேட்ச்பிராப் தூரிகையால் பழைய வியூபோர்ட்டின் குணங்களை ஏற்றலாம் என்று நினைப்பீர்கள். அளவுகோல், பூட்டு, ஷேட் பிளாட் (எந்தத் தோற்றத்தில் அச்சிடுவது) போன்றவை வரும். லேயர் உறைநிலை வராது. அதனால் வேலை முடிந்த வியூபோர்ட்டை அழித்துவிட்டு எம்வியூவில் புதிதாகப் போடுவது, செய்த வேலையைத் திரும்பச் செய்வதுதான்.

புது ஷீட்டில் முதல் முறையாகப் போடும்போது இதுவே நேர்வழி. முக்கியமாக வட்ட விவரப்படங்களுக்கு. பிளானில் 1:100 அளவில் ஒரு தூணடி விவரத்தைச் சுற்றி 12 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டிருக்கிறீர்கள் என்றால், மாடலில் அது 1200 மில்லிமீட்டர் ஆரம். அதையே 1:20இல் பெரிதாக்கிக் காட்ட ஷீட்டில் 60 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். பேப்பர் ஸ்பேஸில் 60 ஆரத்தில் வட்டம் வரைந்து, எம்வியூ ஆப்ஜெக்ட் கொடுத்து, அளவுகோலை 1:20 என்று வைத்துப் பூட்டினால் பிளானில் வட்டமிட்டதும் விவரப்படத்தில் தெரிவதும் ஒரே பரப்பு. படிப்பவருக்கு இது பெரிய உதவி. இந்த இடத்தில் மட்டும் எல்லைக்கோடு அச்சாக வேண்டும், அதனால் வட்டத்தை மெல்லிய கோட்டுக்கான லேயரில் வரையுங்கள்.

## இரண்டு மூன்று செவ்வகங்களாகப் பிரிப்பது

எல் வடிவத்தை இரண்டு செவ்வகங்களாக்கி ஒட்டி வைப்பது மூத்த டிராஃப்ட்ஸ்மேன்களின் வழி. அதற்குக் காரணம் உண்டு. பேப்பர் ஸ்பேஸ் 1990இல் ரிலீஸ் 11இல் வந்தது. செவ்வகமல்லாத வியூபோர்ட் 1999இல் வெளிவந்த ஆட்டோகேட் 2000இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கற்றவர்களுக்கு வேறு வழியே இல்லை. அவர்களிடம் பழகியவர்களுக்கும் கை அப்படியே போகும்.

ஒரே அளவுகோலில் ஒரே வடிவத்தைக் காட்டத்தான் என்றால், இன்று இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்த வேண்டும். எம்விசெட்அப் (MVSETUP) கட்டளையின் அலைன் தெரிவால் பொருத்தலாம்தான். ஆனால் ஒன்றில் யாரோ பூட்டை எடுத்துத் தெரியாமல் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சுவர் நடுவில் உடைந்து நிற்கும். அரை மில்லிமீட்டர் பிசகு திரையில் தெரியாது, ஏ1 பிரின்டில் தெரியும். ஒரு லேயரை உறையவைக்க வேண்டுமென்றால் இரண்டிலும் செய்ய வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் மனையின் ஒரு பாதியில் மரங்கள் இருக்கும், மறுபாதியில் இருக்காது. திருத்தத்தின் செலவு வியூபோர்ட்டுகளின் எண்ணிக்கையோடு பெருகுகிறது.

ஒரு லேஅவுட்டில் ஒரே நேரத்தில் செயல்படும் வியூபோர்ட்டுகளுக்கு வரம்பும் இருக்கிறது. மேக்ஸ்ஆக்ட்விபி (MAXACTVP) என்ற மாறி அதிகபட்சம் 64 வரை அனுமதிக்கும். அதைத் தாண்டியவை வெற்றாகத் தெரியும். ஒரு மனைப் படத்தில் அந்த எண்ணிக்கையை எட்டப் போவதில்லை. விவரப்படங்களை நிறைய அடுக்கும் ஷீட்டில் நினைவில் இருக்கட்டும்.

ஆனால் இரண்டு பகுதிகளும் உண்மையிலேயே வேறுவேறாக இருக்க வேண்டிய இடத்தில் இதுவே சரி. ஒரு பகுதி 1:100, மற்றது 1:50. அல்லது ஒன்றில் மின்சார லேயர்கள், மற்றதில் குழாய் லேயர்கள். நீளமான கால்வாயின் நடுப்பகுதியை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் காட்டுவதும் அப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் வியூபோர்ட்டுகளில் சரியானதுக்குள் நுழைய முடியவில்லை என்றால், ஏதாவது ஒன்றுக்குள் இருந்தபடி கன்ட்ரோல் விசையோடு ஆர் அழுத்துங்கள், வரிசையாக மாறிக்கொண்டே போகும்.

## வடிவத்தைத் தொடாமல் லேயரை உறையவைப்பது

மறைக்க வேண்டியது ஒரு வகைப் பொருள் என்றால் விபி ஃப்ரீஸ்தான் வழி. வியூபோர்ட்டுக்குள் நுழைந்து, லேயர் பலகையில் அந்த லேயருக்கு எதிரே விபி ஃப்ரீஸ் கொடுத்தால் அந்த வியூபோர்ட்டில் மட்டும் மறையும். மற்ற ஷீட்டுகளுக்கு எதுவும் ஆகாது. மனையின் எல்லை எப்படி மாறினாலும் இதில் திருத்த வேண்டியது எதுவுமே இல்லை. அந்த வகையில் செவ்வகத்துக்கு அடுத்து இதுதான் நீடிக்கும்.

இது எவ்வளவு பயன்படும் என்பது வரைந்தவரின் லேயர் ஒழுங்கைப் பொறுத்தது. சர்வே கோப்பில் எல்லாமே 0 லேயரில் வந்திருந்தால் இந்தக் கதவு மூடியதுதான். எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த கோப்பு) லேயர்களில் செய்யும் மாற்றங்கள் நிலைக்க விஸ்ரீடெய்ன் (VISRETAIN) மாறியின் மதிப்பு 1ஆக இருக்க வேண்டும்.

எக்ஸ்ரெஃபைப் பற்றிப் பேசும்போது எக்ஸ்கிளிப்பையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரெஃபாகவோ பிளாக்காகவோ வந்த சர்வே படத்தை மாடல் ஸ்பேஸிலேயே வெட்டிவிட எக்ஸ்கிளிப் உதவும். ஆனால் அது எல்லா ஷீட்டிலும் வெட்டும். பக்கத்து மனை எந்த ஷீட்டிலும் வேண்டாம் என்றால் எக்ஸ்கிளிப் ஒன்றே போதும். ஒரே ஒரு ஷீட்டில் மட்டும் வேண்டாம் என்றால் அது தவறான கருவி.

## வைப்அவுட் வைத்து மூடுவது

பேப்பர் ஸ்பேஸில் வியூபோர்ட்டின்மேல் வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்து மூடுவது. ஒரு நிமிட வேலை. மாலை ஆறு மணிக்கு ஷீட் போக வேண்டும், மறைக்க வேண்டியது ஒரு சின்ன எழுத்து என்றால் செய்துவிட்டுப் போகலாம்.

அதற்கு மேல் வேண்டாம் என்பேன். நேர்கோடுகளால் ஆன பலகோணம்தான் கிடைக்கும், வில் வராது. வரைவு வரிசை (எது மேலே, எது கீழே என்பது) மாறினால் மூடி மறைத்தது மேலே வந்துவிடும். அச்சில் பேப்பர் ஸ்பேஸ் முதலில் போய், மாடல் பொருள்கள் அதன்மேல் விழுந்தால் மூடியே பயனற்றது. பேஜ் செட்டப்பில் பேப்பர் ஸ்பேஸைக் கடைசியாக அச்சிடும் தெரிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வைப்அவுட்டின் சட்டம் திரையில் தெரிந்து தாளில் வராமல் இருக்க வைப்அவுட்ஃப்ரேம் (WIPEOUTFRAME) மாறியின் மதிப்பை 2 என்று வைப்பது நல்லது. 0 என்று வைத்தால் அடுத்தவருக்கு அப்படி ஒரு துண்டு இருப்பதே தெரியாது. அவர் அந்த இடத்தில் புதிதாக வரைந்துவிட்டு, "கோடு ஏன் வரலை" என்று தேடிக்கொண்டிருப்பார். கைமாற்றத்தில் ஆறு வழிகளிலும் மோசமானது இதுதான்.

வியூபோர்ட்டின் நடுவில் ஓட்டை வேண்டும், அதாவது படம் சுற்றிலும் தெரிய வேண்டும், நடுவில் மட்டும் ஒரு குறிப்புக் கட்டம் உட்கார வேண்டும் என்னும் இடத்தில் மட்டும் வைப்அவுட்டுக்கு நியாயம் இருக்கிறது.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | எல்லை மாறினால் | பழைய அமைப்புகள் | வடிவம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| செவ்வகம், கிரிப் | ஒரு இழுப்பு | அப்படியே | செவ்வகம் மட்டும் | பூட்டு ஓரத்தைக் காக்காது |
| விபிகிளிப் | மூலையை நகர்த்து, அல்லது புது பாலிலைன் | அப்படியே | எதுவும் | எல்லை லேயரை ஃப்ரீஸ் செய்யக்கூடாது |
| எம்வியூ புதிது | விபிகிளிப் போலவே | தொடக்கத்திலிருந்து | எதுவும் | லேயர் உறைநிலையை மறுபடி செய்ய வேண்டும் |
| பல செவ்வகங்கள் | ஒவ்வொன்றிலும் | ஒவ்வொன்றுக்கும் தனி | நேர்கோணத் துண்டுகள் | ஒட்டும் இடத்தில் பிசகு |
| விபி ஃப்ரீஸ் | வேலையே இல்லை | அப்படியே | மாறாது | லேயர் ஒழுங்கு வேண்டும் |
| வைப்அவுட் | மூடியை மறுபடி அமை | அப்படியே | நேர்கோடு மட்டும் | வரைவு வரிசை, அச்சு வரிசை |

## எந்தச் சூழலுக்கு எது

நம் மாதிரி மனைக்கு என் முடிவு: பக்கத்து மனைக் கோடுகள் தனி லேயரில் இருந்து, எங்குமே தேவையில்லை என்றால் விபி ஃப்ரீஸ். தெற்கில் தேவை, வடகிழக்கில் வேண்டாம் என்றால் விபிகிளிப், அதுவும் ஆஃப்செட் செய்து சிஹெச்ஸ்பேஸில் கொண்டுவந்த எல்லையோடு. ஆர்கிடெக்ட் சுவரை நகர்த்தினால் ஆஃப்செட்டை மறுபடி எடுத்து, மாற்றி, கிளிப் செய்தால் முடிந்தது. லேயர் அமைப்புகளில் கை வைக்கவே வேண்டியதில்லை.

சாலை வரைபடத்தில், வளைந்து போகும் சாலையைப் பல ஷீட்டுகளாகப் பிரிக்கும்போது, ஒரு ஷீட் முடிந்து அடுத்தது தொடங்கும் கோடான மேட்ச்லைன் சாய்வாக வரும். அங்கேயும் விபிகிளிப்தான். இரண்டு ஷீட்டின் எல்லைகளும் அந்தச் சாய்ந்த கோட்டில் சரியாக முடிய வேண்டும் என்பதால், மேட்ச்லைனை மாடலில் ஒரே ஒரு முறை வரைந்து, இரண்டு எல்லைகளையும் அதிலிருந்தே எடுங்கள். ஷீட்டுக்கு ஏற்ப வியூபோர்ட்டைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் படமும் கூடச் சுழல வேண்டுமா வேண்டாமா என்பதை விபிரொட்டேட்அசோக் (VPROTATEASSOC) மாறி முடிவு செய்கிறது. 1 என்றால் சேர்ந்து சுழலும். சாலைக்கு அதுதான் வேண்டும்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே தள அமைப்பு பல ஷீட்டில் வந்து, ஒவ்வொன்றிலும் வேறுவேறு துறையின் லேயர் தெரிய வேண்டுமானால், வடிவத்தை ஒரு ஷீட்டில் மட்டும் சரியாக அமைத்து, லேஅவுட்டையே நகல் எடுத்து, பிறகு லேயர்களை மாற்றுங்கள். வெட்டிய எல்லையும் சேர்ந்து நகலாகும்.

வட்ட விவரப்படத்துக்கு எம்வியூ ஆப்ஜெக்ட், சந்தேகமே வேண்டாம்.

கோப்பு வெளியே, வேறு மென்பொருள் வைத்திருக்கும் ஆலோசகரிடம் போகிறது என்றால் முடிந்தவரை செவ்வகத்திலும் விபி ஃப்ரீஸிலும் நில்லுங்கள். பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவற்றிலும் விபிகிளிப் அதே பெயரில் இருக்கிறது, அதனால் வெட்டியே ஆக வேண்டும் என்றால் அப்படி அனுப்பவும் பயப்பட வேண்டாம். இருந்தாலும் கோப்போடு ஒரு பிடிஎஃபையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கம் திறப்பவருக்கு ஷீட் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். எல்லைக்கோடுகள் இருக்கும் லேயருக்கு, பார்த்தவுடன் புரியும்படி ஒரு பெயரும் வையுங்கள். ஆட்டோகேட் தானே உருவாக்கும், அச்சாகாத டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் போட்டு வைக்கும் பழக்கத்தை விடுவது நல்லது. 0 லேயரை யாராவது ஃப்ரீஸ் செய்தால் டெஃப்பாயின்ட்ஸில் இருப்பவையும் கூடவே மாட்டிக்கொள்ளும்.